நாலு மூளை வண்டி

தொண்ணூறுகளின் நடுவில் மட்டாஞ்சேரியில் நான் டீசல் டாக்டர். பட்டம் கொடுத்தது நானேதான். யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்பக்கம், சுக்குக் கிடங்குகள் வரிசையாக இருக்கும் சந்தில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் ஒர்க்‌ஷாப். அங்கே காற்றிலேயே சுக்குத் தூசி இருக்கும். வண்டியோடு வருகிறவர்கள் மூன்று தும்மல் போட்டுவிட்டுத்தான் என்ன கோளாறு என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அதற்குள் நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். பத்தில் ஏழு தடவை அது சரியாக இருக்கும். மீதி மூன்றைப் பற்றி நான் வெளியில் பேசுவதில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் கொச்சிக்கு வந்தவன். பத்து வருடத்தில் மலையாளம் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் மலையாளம் என்பது தமிழையே வாய்க்குள் கொஞ்சம் உருட்டி, கடைசியில் ஒரு ‘ஆணு’ ஒட்டி வெளியே விடுவது. வந்த புதிதில் யாராவது ஊர் எது என்று கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்வேன். அது பட்டியில் முடியும். கேட்டவர் சிரிப்பார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்று தெரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. பள்ளி என்றால் தேவாலயம் என்று தெரிய இன்னொரு ஆறு மாதம். இந்த இரண்டையும் தாண்டிய பிறகு, இனி இந்த மொழி என்னை ஒன்றும் செய்துவிட முடியாது என்று ஒரு தைரியம் வந்துவிட்டது.

என் மனைவி கதை வேறு. அவள் மட்டாஞ்சேரியிலேயே பிறந்த தமிழச்சி. அவள் அப்பாவுக்கு நகரசபையில் வேலை. வீட்டில் தமிழ் பேசுவாள், படிப்பதும் எழுதுவதும் மலையாளம். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பாள். கல்யாணத்துக்கு முன்பு நான் உருகி உருகி எழுதிய கடிதங்களை எல்லாம் அவள் அப்பாதான் அவளுக்குப் படித்துச் சொன்னார் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள். மாமனார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏன் தரையைப் பார்த்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்தப் பிக்கப் வந்தது ஒரு ஜனவரி மாதம். ஐஸ் ஏற்றுகிற டெம்போ ஒன்றின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மணல் நிறம், நீண்ட முன்மூக்கு, ஸ்டியரிங் இடது பக்கம். அதன் சொந்தக்காரர் கும்பளங்கி என்கிற பக்கத்து ஊர்க்காரர். இருபது வருடம் வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் டிரைவர், கடைசிப் பன்னிரண்டு வருடம் இதே வண்டிக்கு. கம்பெனி அதைக் கழித்துப் போட்டபோது தானே வாங்கி, ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக் கூடவே கொண்டுவந்துவிட்டார். இப்போது ஊரில் செம்மீன் கெட்டு வைத்திருக்கிறார். அதாவது இறால் வளர்க்கிற உப்புநீர் வயல். வண்டி இறால் சுமந்துகொண்டிருந்தது, இரண்டு வாரம் முன்பு நிற்கும்வரை.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருடைய மகள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். கயிற்றில் கட்டி இழுத்து வரும் வண்டியையும் விட்டுக்கொடுக்காமல் அவளே ஓட்டி வந்திருந்தாள்.

“அண்ணாச்சி, மூணு ஆழ்ச்ச கழிஞ்ஞா இவளுடெ கல்யாணமாணு,” என்றார் அப்பா. மூன்று வாரத்தில் கல்யாணம். பிறகு தும்மினார்.

மீதியை மகள் சொன்னாள். வளைகுடாவில் குடும்பத்தோடு இருந்தபோது அவர்களுக்குப் பக்கத்து வீடு தமிழ்க்காரர்கள். அதனால் அவள் தமிழ் என் மலையாளத்தைவிட நன்றாக இருந்தது.

“கல்யாணத்தன்னைக்கு நான் இந்த வண்டியை ஓட்டிக்கிட்டுப் பள்ளிக்குப் போகணும், அண்ணாச்சி. வீட்டுல சொல்லியாச்சு. அவருகிட்டயும் சொல்லியாச்சு.”

“அவர் என்ன சொன்னார்?”

“லைசென்ஸ் இருக்கான்னு கேட்டார்.”

எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. ஆனால் தாய்மாமனுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லையாம். கல்யாணப் பெண் மீன் வண்டி ஓட்டிக்கொண்டு போவதா என்று, பூ ஒட்டிய வெள்ளைக் கார் ஒன்றைச் சொல்லி வைத்திருந்தார். கல்யாணம் திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை மதியத்துக்குள் பிக்கப் ஓடாவிட்டால் வெள்ளைக் கார்தான் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

“மூணு நாள்ல தர்றேன்,” என்றேன். கேட்டது மூன்று வாரம். நான் சொன்னது மூன்று நாள். இதுதான் நான்.

சாவியைப் போட்டேன். எஞ்சின் பிடித்தது, இரண்டு முறை இருமியது, அணைந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை சுற்றினாலும் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிரப் பிடிக்கவில்லை. பெட்ரோல் வண்டி. சரி, கார்புரேட்டர் அடைத்திருக்கும் என்று முன்மூடியைத் திறந்து கையை விட்டேன். கார்புரேட்டர் இல்லை. கையை வேறு பக்கம் விட்டேன். அங்கும் இல்லை. குனிந்து பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், யாரும் பார்க்காதபோது பின்தட்டில்கூட ஒரு முறை பார்த்தேன்.

“அண்ணாச்சி, இது கம்ப்யூட்டர் வண்டியாணு,” என்றார் சொந்தக்காரர். “பெட்ரோல் எத்தர வேணுமென்னு கம்ப்யூட்டரா தீருமானிக்குன்னது.”

எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. நான் தெரிந்த விஷயம் போலத் தலையாட்டினேன். அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றால் எனக்குத் தெரிந்தது, குளிர்சாதன அறையில், செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டிய ஒரு சாமான். அன்று முதல் அந்த வண்டிக்குள் ஏறும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

மூன்று நாளும் ஓடிவிட்டன. நாலாம் நாள் ஒரு யோசனை வந்தது. கலூரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கிற நிலையங்கள் மழைக்காலக் காளான் மாதிரி முளைத்திருந்தன. அதில் ஒன்றில் பாடம் நடத்துகிற சாரைப் பிடித்து, என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தேன். மெல்லிய மனிதர். டை கட்டியிருந்தார். மடியில் ஒரு பிளாப்பிப் பெட்டி.

கொட்டகைக்குள் வந்ததும் மூன்று தும்மல் தும்மினார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி சுற்றிலும் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் எவிடெ?”

“இதுக்குள்ள சார்.” வண்டியைக் காட்டினேன்.

“மானிட்டர்?”

“இல்லை சார்.”

“கீபோர்டு?”

“அதுவும் இல்லை சார்.”

“பின்னெ கம்ப்யூட்டர் உண்டென்னு ஆரா பறஞ்ஞது?” இருக்கிறதென்று யார் சொன்னது என்கிறார்.

“அது எங்க இருக்குன்னு தேடத்தான் சார் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்.”

அவர் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். போகும் முன்பு ஒரு நல்ல வார்த்தை சொன்னார். எந்தக் கம்ப்யூட்டரும் நம்முடைய பிரெயின் போலத்தான்; நரம்பு எல்லாம் அதில்தான் போய்ச் சேரும்; வயர்களைப் பின்தொடர்ந்து போ, அது அகப்படும். பிளாப்பிப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை. என் சுக்குத் தூசியில் அது கெட்டுவிடும் என்று மடியை விட்டு இறக்கவும் இல்லை.

பிரெயின். அதாவது மூளை. அந்த நிமிடத்திலிருந்து அந்தச் சாமானுக்கு நான் வைத்த பெயர் மூளை. சாயாக் கடையில் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். மூளையைத் தேடுகிறேன் என்று நான் சொன்னபோது சிலர் என்னைப் பரிவோடு பார்த்தார்கள்.

வயர்களைப் பின்தொடர்ந்தேன். விரல் தடிமன் கொண்ட ஒரு கட்டு எஞ்சினிலிருந்து கிளம்பி, தகரச் சுவரில் இருந்த துளை வழியாக ஆள் உட்காரும் பக்கம் போய், டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அதற்கு மேல் போக டேஷ்போர்டை உடைக்க வேண்டும். பெண்ணின் கல்யாண வண்டியை உடைக்க எனக்கு மனது வரவில்லை.

அப்போதுதான் சொந்தக்காரருக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். வளைகுடாவில் இந்த வண்டியைப் பன்னிரண்டு வருடம் கவனித்துக்கொண்ட மலையாளி மெக்கானிக். இன்னும் அங்கேதான் இருக்கிறார், ஒர்க்‌ஷாப்பில் போன் இருக்கிறது. நாங்கள் இருவரும் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனோம். ஓர் ஆள் நிற்கிற கண்ணாடிக் கூண்டில் இரண்டு பேர் நின்றோம். அவர் எண்ணைச் சுழற்றி, நலம் விசாரித்து, கல்யாணச் செய்தி சொல்லி, என்னிடம் கொடுத்தார். லைனில் கடல் இரைகிற மாதிரி சத்தம்.

நான் என் மலையாளத்தை எடுத்தேன்.

“சேட்டா, வண்டிடெ மூள எவிடெயாணு?”

வண்டிக்கா என்று அவர் ஒரு முறை திருப்பிக் கேட்டார்.

“வண்டிக்கு நாலு மூல உண்டல்லோ,” என்றார் அவர் கடைசியில். “ஏது மூலயா வேண்டியது?”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு சொந்தக்காரரிடம் சொன்னேன்: “சேட்டா, இதுக்கு நாலு இருக்காம்.”

எது நாலு என்று அவர் கேட்கவில்லை. “பின்னே? ஜப்பான் வண்டியல்லே,” என்றார் பெருமையாக.

“எஞ்சின் கம்ப்யூட்டர், சேட்டா, அது ஏது மூளையில்?” என்று மறுபடி கத்தினேன்.

“ஓ, அதோ. அது வலத்தெ மூலயில். முன்பில், காலு...”

கடல் இரைச்சல் பெரிதானது. லைன் செத்தது. மறுபடி முயன்றோம், கிடைக்கவில்லை. ஆனால் எனக்குக் கவலையில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது. வண்டிக்கு நாலு மூளை. அதில் வலது மூளை எஞ்சினுக்கு.

அன்று மாலை சாயாக் கடையில் நான் நடத்திய வகுப்பை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மனிதனுக்கே வலது மூளை, இடது மூளை என்று இரண்டுதான். இந்த வண்டிக்கு நாலு. ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று விளக்குக்கு, ஒன்று பிரேக்குக்கு. நாலாவது எதற்கு என்று ஒருவர் கேட்டார். ஹாரனுக்கு என்றேன். கேட்டவர் திருப்தியாகச் சாயாவைக் குடித்தார்.

அடுத்த பத்து நாள் நான் மூளைகளைக் கண்டுபிடித்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. முதல் மூளை. கழற்றித் துடைத்து மாட்டினேன். அதற்குப் பிறகு வலப்பக்கம் திரும்புகிற விளக்கும் இடப்பக்கம் திரும்புகிற விளக்கும் சிமிட்டுவதை நிறுத்திவிட்டன. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் வெள்ளித் தகட்டில் கனமாக ஒரு பெட்டி, நிறைய வயர்களோடு. இரண்டாவது மூளை. அதையும் பிரித்துச் சேர்த்தேன். பாட்டுப் பெட்டி ஊமையாகிவிட்டது. அது பாட்டைச் சத்தமாக்குகிற ஆம்ப்ளிபயர். மூன்றாவது மூளையைச் சீட்டுக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். திறந்ததும் உள்ளே ஜாக்கி இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மகள் தனியாக வந்தாள். வண்டியின் இரண்டு கதவும் கழன்று சுவரில் சாய்ந்திருந்தன. சீட்டு வெளியே கிடந்தது. அவள் எட்டிப் பாட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை.

“பாட்டும் போச்சா, அண்ணாச்சி?”

நான் மூன்றாவது மூளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“பரவாயில்ல,” என்றாள். பரவாயில்லை என்று சொல்கிறவர்களின் முகம் அப்படி இருக்காது. வெளியே கிடந்த சீட்டிலேயே உட்கார்ந்தாள். “அங்க ஸ்கூலுக்கு எல்லாப் பிள்ளைகளும் கார்ல வரும். நான் மட்டும் இதுல, பின்னால சிமெண்ட் மூட்டையோட. கேட்டுக்கு முன்னாடியே இறக்கி விடுங்கப்பான்னு சொல்வேன். யாரும் பார்க்கக் கூடாதுன்னு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். தெருமுனையிலேயே நிறுத்திடுவார். தினமும். ஆறு வருஷம்.”

சுக்குத் தூசியில் அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. தும்மல் மட்டும் வரவில்லை.

“திங்கட்கிழமை கேட்டுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தணும். எல்லாரும் பார்க்கிற மாதிரி. அதுக்குத்தான்,” என்றாள். பிறகு எழுந்து, “நாளைக்கு மத்தியானம் மாமன் காருக்கு உறுதி சொல்லிடுவார்,” என்றுவிட்டுப் போனாள்.

இரண்டு சந்து தாண்டித்தான் வீடு. அன்றைக்கு அது ஆலப்புழை வரைக்கும் நீண்டது. வீட்டுக்குப் போய், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வண்டியைப் படமாக வரைந்தேன். கண்டுபிடித்த மூன்றையும் குறித்துவிட்டு, அகப்படாததை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். தோசை வார்த்துக்கொண்டிருந்த மனைவி தட்டு வைக்க வந்தவள், குனிந்து எழுத்துக் கூட்டினாள்.

“வ... ல... து... மூ... ளை. இதெந்தா?”

“வண்டியோட வலது மூளை. அதுதான் கிடைக்க மாட்டேங்குது.”

“ஆரு சொன்னது வலது மூளைன்னு?”

“கல்ஃப்ல இருக்கிற மெக்கானிக் சேட்டன். போன்ல.”

“அந்தச் சேட்டன் தமிழா, மலையாளியா?”

“மலையாளி.”

அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். “மலையாளி எதுக்கு மூளைன்னு சொல்லணும்? மூளைக்கு அவங்க தலச்சோறுன்னல்லே சொல்லுவாங்க. அவரு சொன்னது மூல. மூலை. இந்தா, நம்ம அடுக்களை மூலை.” துடைப்பம் சாய்த்து வைத்திருந்த இடத்தைக் காட்டினாள். “நீங்க என்ன கேட்டீங்க?”

“வண்டியோட மூளை எங்கன்னு.”

“அவரு காதுல மூலைன்னு விழுந்திருக்கும். கடல் கடந்து போன் போட்டு, வண்டிக்கு மூலை எங்க இருக்குன்னு கேட்டிருக்கீங்க. பாவம், அந்த மனுஷன் மரியாதையா நாலு மூலை இருக்குன்னு சொல்லியிருக்காரு.”

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கல்லில் தோசை கருகியது. அதைத் திருப்பிப் போடவும் அவளால் முடியவில்லை; நான்தான் எழுந்து போய்த் திருப்பினேன்.

“வண்டிக்கு நாலு மூலை,” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. “உங்களுக்கு ஒரே ஒரு மூளை. அதையும் தொடச்சு மாட்டுங்க.”

சனிக்கிழமை காலை சாயாகூடக் குடிக்காமல் ஒர்க்‌ஷாப்பைத் திறந்தேன். முன்பக்க வலது மூலை. இடது கை ஸ்டியரிங் வண்டி என்பதால் அது பக்கத்தில் உட்காருகிறவர் கால் நீட்டுகிற இடம். மூன்று வாரமாக என் கருவிப் பெட்டியை நான் வைத்திருந்த இடமும் அதுதான். பெட்டியை எடுத்தேன், கால்மிதியை எடுத்தேன். பக்கச் சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் பலகை, இரண்டே இரண்டு திருகாணி. கழற்றினால், உள்ளே தட்டையாக ஓர் அலுமினியப் பெட்டி, தடித்த அகராதி அளவில். நான் தொலைத்த அந்த விரல் தடிமன் வயர்க் கட்டு நேராக வந்து அதில்தான் இறங்கியது. மூன்று பெரிய சொருகிகள். செருப்பு ஏற்கெனவே வெளியில்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு முறை குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இப்போது யோசித்தால் அதில் ஒரு மர்மமும் இல்லை. அந்தக் காலத்துப் பிக்கப்புகளில் கம்ப்யூட்டரை எஞ்சின் பக்கம் வைக்கப் பயப்பட்டார்கள். சூடு, தண்ணீர், அதிர்வு மூன்றும் அதற்கு ஆகாது. அதனால் மனிதன் உட்காருகிற பக்கத்தில் ஒளித்து வைத்தார்கள். கால் பக்கத்துப் பலகைக்குப் பின்னால், இல்லாவிட்டால் சாமான் வைக்கிற அறைக்குப் பின்னால், அதுவும் இல்லாவிட்டால் சீட்டுக்கு அடியில். இரண்டாயிரத்துக்குப் பிறகு டீசல் பிக்கப்புகளுக்கும் கம்ப்யூட்டர் வந்து, நான் பயந்தபடி என் காதுக்கு வேலை குறைந்தபோது, இந்த மூன்று இடங்களைத் தெரிந்து வைத்திருந்ததால்தான் மட்டாஞ்சேரியில் என் பெயர் பிழைத்தது. அது செய்கிற வேலையும் சமையல்காரன் வேலைதான். காற்று எவ்வளவு வருகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, ஓட்டுகிறவன் எவ்வளவு மிதிக்கிறான் என்று ஒவ்வொரு கணமும் விசாரித்து, அதற்குத் தக்க பெட்ரோலைத் தெளிக்கச் சொல்கிறது. விசாரிப்பதற்குப் பதில் வராவிட்டால் தெளிப்பதில்லை. வண்டி நின்றுவிடும்.

எங்கள் வண்டிக்குப் பதில் வரவில்லை. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மூன்று சொருகிகளையும் உருவிப் பார்த்தேன். நடுச் சொருகியில் பித்தளைக் கால்கள் பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தன. பெட்டியின் எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட்டில் உப்புப் பூத்திருந்தது.

அந்த நேரம் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார். பச்சையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார்.

“மழக்காலத்து செம்மீன் கொட்ட அவிடெயா வெச்சது. ஐஸ் உருகும்.”

மழைக்காலத்தில் நனையக் கூடாது என்று இறால் கூடையை உள்ளே, கால் வைக்கிற இடத்தில் வைத்திருக்கிறார். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பல மாதம் அந்தப் பெட்டி மேல் தெறித்திருக்கிறது.

“நீங்க மழையில இருந்து காப்பாத்தினது இறாலை,” என்றேன். “கம்ப்யூட்டரை இல்லை.”

மூன்று வாரத்தில் முதல் தடவையாக என்னைவிடத் தப்பு செய்த ஓர் ஆள் கிடைத்ததில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். ஸ்பிரிட் வாங்கி வந்தோம். பல் துலக்குகிற பிரஷ் ஒன்று தேவைப்பட்டது. வீட்டுக்கு ஓடிப் போய் என்னுடையதையே எடுத்து வந்தேன். ஒவ்வொரு காலாகத் தேய்த்தேன். எர்த் போல்ட்டை மணல் தாளால் உரசி மின்ன வைத்தேன். சொருகிகளை வெயிலில் காயவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம் உட்கார்ந்து காக்கை வராமல் பார்த்துக்கொண்டோம்.

மாட்டி, பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பினேன். ஒரு சுற்று. பிறகு சத்தமே இல்லை. சரி, போயிற்று என்று மறுபடி சாவியைத் திருப்பினேன். கிர்ரென்று பல் கடிபட்டது. எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க டீசலின் கத்தலைக் கேட்ட காது. அந்த அமைதியை ஓட்டம் என்று அதற்குத் தெரியவில்லை. சொந்தக்காரர் முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வை உணர்ந்து, அப்படியே நின்றார்.

மகளுக்கு ஆள் போயிற்று. பதினொன்றரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். தாய்மாமனும் பின்னாலேயே வந்தார். அவள் யாரிடமும் பேசாமல் ஏறி உட்கார்ந்து, சந்துக்குள் வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, சுக்கு மூட்டை தூக்குகிறவர்கள் சுவரோடு ஒட்டி நிற்க, கண்ணில் படாமல் போய்விட்டாள். சீட்டை மட்டும்தான் திரும்ப வைத்திருந்தேன்; கதவுகள் இன்னும் மாட்டியிருக்கவில்லை. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். தலைமுடி கலைந்திருந்தது.

“மாமா, கார் வேண்டாம்,” என்றாள்.

தாய்மாமன் என்னைப் பார்த்தார். “வழியில நின்னா?”

“நிக்காது,” என்றேன். பிறகு என் வாய் தானாகவே சேர்த்துக்கொண்டது: “நிக்காம இருக்க நானே பின்னால உட்கார்ந்து வர்றேன்.”

இப்படித்தான் நான் ஒரு கல்யாண ஊர்வலத்தில், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பிக்கப்பின் பின்தட்டில், ஸ்பேனர் பையை மடியில் வைத்து உட்கார்ந்து போனேன். சுற்றிலும் பூ கட்டியிருந்தார்கள். பூவையும் மீறி இறால் மணத்தது. முன்னால் மகள், வெள்ளைப் பட்டுப் புடவையில், வெறுங்காலோடு ஓட்டினாள். பக்கத்தில் அப்பா, கோட்டு சூட்டும் புது ஷூவுமாக. திரும்புகிற விளக்கை நான் இன்னும் சரிசெய்யவில்லை என்பதால் ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினாள். கரையில் சீனவலை இழுக்கிற மீனவர்கள் வலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் கை காட்டினார்கள்.

தேவாலயத்தின் கேட் ஒரு சின்ன ஏற்றத்தில் இருந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று ஊதத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரியாக கேட்டுக்கு நடுவில், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது.

நான் எதையும் யோசிக்கவில்லை. பின்தட்டிலிருந்து குதித்தேன், வலப்பக்கக் கதவைத் திறந்தேன், அப்பாவின் இரண்டு காலுக்கும் நடுவில் தலையை விட்டு, திருகாணியைத் தேடினேன். அவர் பதறிப்போய் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். பேண்டு நின்றுவிட்டது.

“அண்ணாச்சி,” என்று மேலேயிருந்து குரல் வந்தது. “கிளட்சை விட்டது நான்தான். புடவையில கால் மாட்டிக்கிச்சு. தலையை வெளிய எடுங்க.”

“வண்டிக்கு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்ல. தலையை எடுத்தாத்தான் அப்பா காலை இறக்க முடியும்.”

நான் தலையை எடுப்பதற்குள் அவள் சாவியைத் திருப்பிவிட்டாள். எஞ்சின் சத்தமில்லாமல் பிடித்தது. கேட்டைத் தாண்டி உள்ளே போய், படிக்கட்டுக்கு நேர் முன்னால், எல்லாரும் பார்க்கிற மாதிரி கொண்டுபோய் நிறுத்தினாள். அப்பா இறங்கி, சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. நான் இன்னும் கேட்டில், வேட்டி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

போட்டோகிராபர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். ஆல்பத்தின் முதல் படத்தில் கல்யாணப் பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய்விட்டுச் சிரிக்கிறாள், அவள் அப்பா புது ஷூ இரண்டும் டேஷ்போர்டுக்கு மேல் தெரியக் காலைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், திறந்த கதவிலிருந்து அழுக்கு வேட்டிக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதை எடுத்துவிட்டு வேறு படம் வைக்கலாம் என்று தாய்மாமன் சொல்லிப் பார்த்தார். பெண் கேட்கவில்லை. மாப்பிள்ளை அந்த ஆல்பத்தில் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறார்.